சில்லறை இல்லாத சந்தையில் நட்டமடைபவர் யார்?

மட்டுவிலிலிருந்து கத்தரிக்காய்க் கடகத்துடன் சாவகச்சேரிச் சந்தைக்குப் பஸ்ஸில் வரும் ஒரு மூதாட்டி நடத்துநரிடம் 30 ரூபா கொடுக்கிறார். கட்டணம் 27 ரூபா. மிகுதி 3 ரூபா அவருக்கு வரவேண்டும். நடத்துநரின் பையில் குற்றிகள் இல்லை. அல்லது இல்லையென்று சொல்லப்படுகிறது. மூதாட்டி கேட்பதுமில்லை. மூன்று ரூபாவுக்காக வாய் தர்க்கத்தில் இறங்குவது மதிப்புக் குறைவு என்று அவர் எண்ணுகிறார். பின்னால் நிற்பவர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள். இவ்வாறு பேசப்படாமலே முடிந்துவிடுகின்ற ஒரு சிறு கொடுக்கல் வாங்கலின் பின்னால், இந்நாட்டின் நாணய முறைமை பற்றிய ஒரு பெரிய கேள்வி மறைந்திருக்கின்றது.

பஸ் கட்டணங்களின் அண்மைக்கால வரலாற்றைச் சற்று நோக்குவோம். பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 ஜுலை முதலாம் திகதி ஆரம்பக் கட்டணம் 40 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த மாதமே அது 34 ரூபாவாகவும், 2023 மார்ச் இறுதியில் 30 ரூபாவாகவும், 2024 ஜுலையில் 28 ரூபாவாகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் 27 ரூபாவாகவும் குறைக்கப்பட்டது. 2025 ஜுலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்போதும் அந்த 27 ரூபா மாறவில்லை. ஒவ்வொரு குறைப்பும் மக்களுக்கான நிவாரணமாகவே அறிவிக்கப்பட்டது. ஆனால், 30 ரூபாவிலிருந்து 27 ரூபாவுக்கு இறங்கிய கட்டணம், பயணியின் கைக்கு மூன்று ரூபாவைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய குற்றிகள் இருந்தால் மாத்திரமே குறைப்பாகும். குற்றிகள் இல்லையெனில் கட்டணம் வர்த்தமானியில் 27 ரூபாவாகவும் பஸ்ஸுக்குள் 30 ரூபாவாகவும் இருக்கும். அரசாங்கம் வழங்கிய நிவாரணம் வழியிலேயே நின்றுவிடும்.

இதன் கணக்கு எளியது. நாளொன்றுக்கு இருமுறை பயணம் செய்யும் ஒருவர் ஒவ்வொரு முறையும் மூன்று ரூபாவை இழப்பாராயின், மாதத்தில் 25 நாட்களுக்கு 150 ரூபாவையும், ஆண்டுக்கு 1,800 ரூபாவையும் இழக்கிறார். ஒரு பஸ்ஸில் நாளொன்றுக்கு 300 பயணிகள் இவ்வாறு மிகுதியைப் பெறாமல் இறங்கினால், 900 ரூபா கணக்கில் வராத வருமானமாகின்றது. சொந்த வாகனத்தில் செல்பவருக்கு இந்த நட்டம் இல்லை. சந்தையில் கூறு கட்டி விற்பவரும், தினக்கூலிக்குச் செல்பவரும், பாடசாலை மாணவருமே இதைச் சுமக்கின்றனர். எவராலும் விதிக்கப்படாத, எந்தச் சபையிலும் விவாதிக்கப்படாத ஒரு வரியாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

பஸ் ஓர் உதாரணமே. பல்பொருள் அங்காடிகளில் விலைச்சீட்டு 90 சதத்தில் முடிவடைகின்றது. அந்தச் சதத்தை எவரும் கண்டதில்லை. சிறு கடைகளில் மிகுதிக்குப் பதிலாக இனிப்பு கொடுக்கப்படுகின்றது. அந்த இனிப்பைத் திருப்பிக் கொடுத்து மறுநாள் பொருள் வாங்க முடியாது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

குற்றிகள் எங்கே போயின?

இலங்கையின் நாணயம் 1872 ஆம் ஆண்டிலிருந்து ரூபா, சதம் என்ற தசமக் கணக்கில் வழங்கி வருகின்றது. அதற்கு முன்னர் ஒல்லாந்தர் காலத்துத் துட்டும், அதற்கும் முன்னர் யாழ்ப்பாண அரசர்கள் நந்தி உருவமும் 'சேது' என்ற சொல்லும் பொறித்து வெளியிட்ட காசுகளும் இம்மண்ணில் புழங்கியுள்ளன. சதுர வடிவிலான ஐந்து சதத்தையும், விளிம்பு வளைந்த இரண்டு சதத்தையும் பத்துச் சதத்தையும் நமது மூத்த தலைமுறையினர் நன்கு நினைவில் வைத்திருப்பர். அக்குற்றிகளுக்கு அன்று ஒரு பொருள் கிடைத்தது. இன்று சதம் என்பது வங்கிக் கணக்கின் கூற்றிலும் மின்சாரப் பட்டியலிலும் மட்டும் உயிர்வாழும் ஓர் அலகாகிவிட்டது.

இதற்கு முதற்காரணம் பணவீக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் பணவீக்கம் தணிந்தபோதிலும் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பணவீக்கம் குறைவது விலை குறைவதாகாது. விலை ஏறும் வேகம் குறைவதே அதன் பொருள். ஆகவே, முன்னர் ஐந்து ரூபாக் குற்றி செய்த வேலையை இன்று இருபது ரூபா செய்யவேண்டியுள்ளது. ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் தனித்து எதையும் வாங்க வல்லமையற்றவையாகி, மிகுதி கொடுப்பதற்கு மாத்திரமே பயன்படுகின்றன.

இரண்டாவது காரணம் உற்பத்திச் செலவு. இலங்கையில் நாணயக் குற்றி வார்க்கும் சாலை இல்லை. குற்றிகள் வெளிநாடுகளிலிருந்து வார்த்துப் பெறப்படுகின்றன. நாணயத் தாள்கள் பியகமவில் அச்சிடப்படுகின்ற போதிலும் குற்றிகளின் நிலை அவ்வாறன்று. அதனாலேயே 2005 ஆம் ஆண்டில் குற்றிகளின் உலோகம் மாற்றப்பட்டு முலாம் பூசிய உருக்கு பயன்படுத்தப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் 1, 2, 5, 10 ரூபாக் குற்றிகள் துருப்பிடிக்காத உருக்கில் வெளியாகின. செலவைக் குறைப்பதே இம்மாற்றங்களின் முக்கிய நோக்கமாகும். பெறுமதி தேய்ந்துகொண்டே செல்லும் ஒரு குற்றியை அந்நியச் செலாவணி செலவிட்டு வார்ப்பதில் எந்த மத்திய வங்கிக்கும் ஆர்வம் பெருகப்போவதில்லை.

மூன்றாவது காரணம் நம்மிடமே உள்ளது. குற்றிகள் அழிவதில்லை, தேங்குகின்றன. வீட்டு அலுமாரியில் பிள்ளைகளின் உண்டியல், கடைமேசையில் தர்மப் பெட்டி, கோவில் உண்டியல், பள்ளிவாசலின் சதகாப் பெட்டி என்று அவை சென்று சேரும் இடங்கள் பல. பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் ஆலயத்தில் பொங்கலிட வருவோர் நேர்த்திக்காக முடிந்துவரும் காசும், பெருநாள் தினத்தில் சிறுவர்களின் கைகளில் சேரும் காசும், சித்திரைப் புத்தாண்டின் கைவிசேடமும் நமது பண்பாட்டின் அங்கங்கள். அவற்றில் தவறேதும் இல்லை. ஆனால், அங்கு சேர்ந்த குற்றிகள் மீண்டும் சந்தைக்கு வரும் வழி குறுகலாக இருப்பதே பிரச்சினை. மறுபுறத்தில், தன்னியக்கப் பணப்பொறிகள் பெரிய தாள்களையே வெளியே தள்ளுகின்றன. சம்பளமும் ஓய்வூதியமும், 2023 ஜுலை முதல் வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பப்படும் அஸ்வெசும கொடுப்பனவும் இப்பொறிகளின் ஊடாகவே பெரும்பாலும் கைக்கு வருகின்றன. ஆயிரம் ரூபாத் தாளை உடைக்கும் பொறுப்பு இறுதியில் கீரை விற்கும் பெண்ணின் தலையில் விழுகின்றது.

கைத்தொலைபேசி தரும் தீர்வு

இதற்கெல்லாம் இலத்திரனியல் கொடுப்பனவே பரிகாரம் என்ற வாதம் இன்று வலுவாக முன்வைக்கப்படுகின்றது. அவ்வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2012 இல் கையடக்கத் தொலைபேசி மூலமான பணச்சேவை இந்நாட்டில் ஆரம்பமானது. 2015 முதல் வங்கிகளுக்கிடையில் உடனடியாகப் பணம் மாற்றும் வசதி கிடைத்தது. 2018 ஆம் ஆண்டில் 'லங்கா கியூ.ஆர்.' என்ற பொதுத் தரம் உருவாக்கப்பட்டது. 2024 பெப்ரவரி 12 ஆம் திகதி இந்தியாவின் யூ.பி.ஐ. முறை இலங்கையில் தொடக்கி வைக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளைச் செலுத்தும் 'கவ்பே' அறிமுகமாகியது. அதே ஆண்டு நவம்பரில் வங்கி அட்டை மூலம் பஸ் கட்டணம் செலுத்தும் திட்டம் மாகும்புரவில் ஆரம்பிக்கப்பட்டது.

இவற்றின் பயன் வெளிப்படையானது. அட்டை மூலம் 27 ரூபா செலுத்துபவரிடமிருந்து 27 ரூபாவே கழியும். மூன்று ரூபா எங்கும் காணாமற்போகாது. திணைக்களம் ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்காக ஒரு நாள் வேலையை இழந்து வரிசையில் நிற்கவேண்டியதில்லை. கையில் காசை வைத்துக்கொண்டு இரவில் வீடு திரும்பும் வியாபாரிக்குக் கொள்ளைப் பயம் குறைகின்றது. பற்றுச்சீட்டு இல்லாத கொடுக்கல் வாங்கல்களில் ஒளிந்துகொள்ளும் கையூட்டுக்கும் வரி ஏய்ப்புக்கும் இடம் சுருங்குகின்றது. நாளாந்த வரவு கணக்கில் பதிவாகும்போது, அதைக் காட்டி வங்கிக் கடன் பெறும் வாய்ப்பும் சிறு வியாபாரிக்குக் கிடைக்கலாம். வட்டிக்குப் பணம் கொடுப்போரிடமும் நுண்கடன் நிறுவனங்களிடமும் சிக்கித் தவித்த வடபுலத்துப் பெண்களின் அனுபவத்தை அறிந்தவர்கள் இதன் முக்கியத்துவத்தை உணர்வர்.

எனினும், இப்பயன்கள் யாவருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. திறன்பேசி வேண்டும்; அதற்குத் தரவுக் கட்டணம் வேண்டும்; வங்கிக் கணக்கு வேண்டும்; திரையில் தோன்றும் எழுத்தை வாசிக்கக்கூடிய கண்பார்வையும் வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, தனித்து வாழும் முதியவர்கள் தென்மராட்சியின் கிராமங்களில் ஏராளம். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய இலக்கத்தைக் கேட்டுப் பெற்றுச் சேமிப்பைச் சுருட்டும் மோசடிக்காரர்களுக்கு இவர்களே எளிதில் இலக்காகின்றனர். பஸ்ஸில் மூன்று ரூபா இழந்த மூதாட்டி, தொலைபேசியில் தன் சேமிப்பு முழுவதையும் இழக்க நேர்ந்தால் அதை முன்னேற்றம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டணம் என்பது அடுத்த கேள்வி. காசு கைமாறும்போது இடையில் எவரும் பங்கு கேட்பதில்லை. இலத்திரனியல் முறைகளில் சிலவற்றில் விற்பவரும் வேறு சிலவற்றில் அனுப்புபவரும் கட்டணம் செலுத்தவேண்டியுள்ளது. ஒரு பெரிய கடைக்கு இது பொருட்டன்று. ஆனால், நூறு ரூபாவுக்குக் கீரையும் முருங்கைக்காயும் விற்று, அதில் ஒரு சிறு பங்கையே இலாபமாகக் காண்பவருக்கு அது பொருட்டாகும். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யூ.பி.ஐ. கொடுப்பனவுகளுக்கு வியாபாரியிடம் கட்டணம் அறவிடப்படாமையும், பிரேசிலில் 2020 நவம்பரில் ஆரம்பமான 'பிக்ஸ்' முறையைத் தனிநபர்கள் இலவசமாகப் பயன்படுத்த முடிந்தமையுமே அந்நாடுகளின் தெருவோர வியாபாரிகள் அம்முறைகளுக்கு மாறியதற்கு முக்கிய காரணங்களாகும். மக்கள் தொழில்நுட்பத்துக்கு அஞ்சவில்லை, செலவுக்கே அஞ்சுகின்றனர்.

இருளில் கற்ற பாடம்

காசின் எதிர்காலம் பற்றிக் கொழும்பில் நடக்கும் கலந்துரையாடல்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஓர் அனுபவம் யாழ். குடாநாட்டுக்கு உண்டு. 1990 ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் வெடித்ததைத் தொடர்ந்து குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தொலைபேசித் தொடர்பும் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் பொருட்கள் அரிதாகின. ஆயினும், சந்தைகள் கூடின. கொடுக்கல் வாங்கல் நடந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களிலும் இலங்கை ரூபாவே புழங்கியது. 1994 இல் உருவாக்கப்பட்ட தமிழீழ வைப்பகமும் அந்த ரூபாவிலேயே இயங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் வந்து சேர்ந்தபோது, மடியில் முடிந்து வந்த காசே முதல் நாட்களின் கஞ்சிக்கு வழி செய்தது. 2000 ஆம் ஆண்டுச் சமரில் சாவகச்சேரி நகரே இடிபாடாகியபோதும் அதே நிலைமைதான்.

ஆனால், காசுக்கு மறுபக்கமும் உண்டு. அதை முஸ்லிம் மக்களின் அனுபவம் கசப்பாக உணர்த்துகின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முதலில் வெளியேற்றப்பட்டவர்களுள் சாவகச்சேரி முஸ்லிம்களும் அடங்குவர். அம்மாத இறுதியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். மிகச் சிறிய தொகைப் பணத்தை மட்டும் கொண்டுசெல்ல அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். எஞ்சிய காசும் நகையும் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வியாபாரத்தில் சேர்த்த செல்வம் ஒரே நாளில் இல்லாமற்போனது. கையில் உள்ள காசைத் துப்பாக்கி முனையில் பறிக்கலாம். வங்கிப் பேரேட்டில் பெயருக்கு நேரே எழுதப்பட்ட தொகையை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. இந்த உண்மையையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆக, இரு சமூகங்களின் அனுபவங்களும் சேர்ந்து ஒரு பாடத்தைத் தருகின்றன. சேமிப்புக்குப் பேரேடு பாதுகாப்பானது. நெருக்கடி நாளின் அன்றாடத்துக்குக் காசு தவிர்க்க முடியாதது. ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுவுவது இரண்டினாலும் கிடைக்கும் பாதுகாப்பில் பாதியை இழப்பதாகும்.

இது பழைய கதை என்று சிலர் கருதலாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் பல மணித்தியாலங்கள் இருளில் ஆழ்த்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் மின்சாரம் தடைப்பட்டபோது, அட்டைகள் பயனற்றுப்போய், சட்டைப்பையில் காசு வைத்திருந்தவர்களே உணவும் தண்ணீரும் வாங்கினர். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. கைத்தொலைபேசிக் கோபுரம் மௌனமாகிய ஊரில் வங்கிக் கணக்கில் இலட்சம் ரூபா இருந்தும் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியாது.

உலக நாடுகளின் அனுபவம்

சிறு குற்றியை ஒழித்த நாடுகள் பல உள்ளன. அவை எவ்வாறு ஒழித்தன என்பதே நமக்கு முக்கியமானது. அவுஸ்திரேலியா 1992 இல் ஒரு சத, இரண்டு சதக் குற்றிகளைப் புழக்கத்திலிருந்து அகற்றத் தொடங்கியது. நியூசிலாந்து 2006 இல் ஐந்து சதத்தைக் கைவிட்டது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சதக் குற்றியின் விநியோகத்தை நிறுத்தியது. அங்கு தெளிவான நடைமுறை ஒன்று வகுக்கப்பட்டது. பட்டியலின் மொத்தத் தொகை ஒன்று அல்லது இரண்டு சதத்தில் முடிந்தால் கீழ்நோக்கியும், மூன்று அல்லது நான்கில் முடிந்தால் மேல்நோக்கியும் முழுமையாக்கப்படும். காசாகச் செலுத்துபவருக்கு மாத்திரமே இது பொருந்தும். அட்டையில் செலுத்துபவர் சரியான தொகையையே செலுத்துவார். ஒருநாள் வாடிக்கையாளருக்கு இரண்டு சதம் இலாபம், மறுநாள் கடைக்காரருக்கு இரண்டு சதம் இலாபம் என்று கணக்குச் சமப்படும். அமெரிக்காவும் ஒரு சதம் வார்ப்பதற்கு மூன்று சதத்துக்கும் மேல் செலவாகிய நிலையில், 2025 நவம்பர் 12 ஆம் திகதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான தன் இறுதி ஒரு சதக் குற்றிகளை வார்த்தது.

நமது கடைகளிலும் பஸ்களிலும் நடப்பதும் ஒருவகை முழுமையாக்கலே. வேறுபாடு என்னவெனில், அது எப்போதும் மேல்நோக்கியே நடக்கின்றது. 27 ரூபா 30 ரூபாவாகும். ஒருபோதும் 25 ரூபாவாவதில்லை.

காசை அவசரமாக ஒடுக்க முயன்ற நாடுகளின் கதையும் உண்டு. 2016 நவம்பர் 8 ஆம் திகதி இந்தியாவில் 500, 1,000 ரூபாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த பணப் பெறுமதியில் சுமார் 86 சதவீதம் ஓரிரவில் செல்லாக்காசாகியது. பின்னர் இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கின்படியே அதில் 99 சதவீதத்துக்கும் அதிகமானது வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. கறுப்புப் பணம் காணாமற்போகவில்லை. வரிசையில் நின்ற கூலித் தொழிலாளியின் நாட்களே காணாமற்போயின. நைஜீரியாவில் 2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் புதிய தாள்களுக்கு மாறும் திட்டம் கடும் காசுத் தட்டுப்பாட்டை உண்டாக்க, அந்நாட்டு உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பழைய தாள்களின் செல்லுபடிக் காலத்தை அவ்வாண்டு இறுதிவரை நீடிக்க நேர்ந்தது. தமிழகத்தில் பத்து ரூபாக் குற்றி போலியென்ற வதந்தி பரவி, கடைகளிலும் பஸ்களிலும் அதை வாங்க மறுத்ததால், 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லுபடியானவை என்று விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. நாணயத்தின் உயிர் உலோகத்தில் இல்லை, அடுத்தவர் அதை வாங்குவார் என்ற நம்பிக்கையிலேயே உள்ளது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

காசற்ற சமூகமாவதில் உலகுக்கு முன்னோடியாகக் கருதப்பட்ட சுவீடன் இப்போது திரும்பிப் பார்க்கின்றது. அங்கு 2021 முதல் பெரிய வங்கிகள் காசுச் சேவைகளை வழங்கவேண்டுமெனச் சட்டம் கட்டாயப்படுத்துகின்றது. 2024 இல் வீடுகளுக்கு அனுப்பப்பட்ட நெருக்கடிக் கால வழிகாட்டி நூல், வெவ்வேறு பெறுமதிகளில் ஒரு வாரத்துக்கேனும் போதுமான காசை வைத்திருக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. யுத்தத்தைக் காணாத ஒரு நாடு யுத்தத்துக்கு அஞ்சிக் கற்கும் பாடத்தை, யுத்தத்தில் வாழ்ந்த நாம் மறந்துவிடலாகாது.

காசுக்கு நினைவில்லை

இன்னொரு விடயமும் சிந்திக்கத்தக்கது. காசுக்கு நினைவில்லை. அது யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதை அது எவருக்கும் சொல்வதில்லை. இலத்திரனியல் கொடுப்பனவோ ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கின்றது. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க அது உதவும் என்பது உண்மை. அதேவேளை, 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்த தமிழ் மக்களும், 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் குற்றமிழைக்காதவர்களும் சந்தேகக் கண்ணுடன் நோக்கப்பட்ட முஸ்லிம் மக்களும், தங்கள் தானமும் தர்மமும் உறவினருக்கான உதவியும் பதிவேடாக மாறுவதைப் பற்றி அக்கறை கொள்வது இயல்பானதே. வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கவேண்டும் என்ற அறநெறி இரு சமூகத்தவருக்கும் பொதுவானது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டபோதும், அதன் முக்கிய பிரிவுகளை நடைமுறைப்படுத்துவது பிற்போடப்பட்டு வந்துள்ளது. பாதுகாப்பு உறுதியாகும் முன்னர் பதிவுகள் பெருகுவது முறையான ஒழுங்கன்று.

செய்யவேண்டியவை

இப்பிரச்சினைக்குப் பெருஞ்செலவில்லாத தீர்வுகள் உள்ளன. முதலாவதாக, பஸ் கட்டணங்கள் ஐந்து ரூபாவின் மடங்குகளாக நிர்ணயிக்கப்படவேண்டும். கணக்கில் 27 என்று வந்தால் 25 என்றும், 28 என்று வந்தால் 30 என்றும் வெளிப்படையாக அறிவிக்கலாம். ஒரு திருத்தத்தில் பஸ் உரிமையாளருக்கும் இன்னொரு திருத்தத்தில் பயணிக்கும் சிறு சாதகம் கிடைக்கும். எப்படியாயினும் அது அறிவிக்கப்பட்ட கட்டணமாக இருக்கும். நடத்துநரின் பையில் மறையும் தொகையாக இருக்காது. பயணிகளிடம் மிகுதி கேட்டு மோதவேண்டிய நிலை நடத்துநர்களுக்கும் நீங்கும்.

இரண்டாவதாக, ஒரு ரூபா, இரண்டு ரூபாக் குற்றிகளைத் தொடர்வதா விடுவதா என்பதை மத்திய வங்கி வெளிப்படையாகத் தீர்மானிக்கவேண்டும். தொடர்வதாயின் அவை போதியளவு கிடைக்கவேண்டும். விடுவதாயின், கனடாவைப் போன்று இருபக்கமும் சமப்படும் முழுமையாக்கல் விதி சட்டபூர்வமாக வரவேண்டும். அதனை நுகர்வோர் அதிகார சபை கண்காணிக்கவேண்டும். இரண்டுமின்றி, குற்றி தானாகவே மறைந்துபோகட்டும் என்று விட்டுவிடுவதுதான் மிக மோசமான வழி. ஏனெனில், அப்போது விதியை எழுதுபவர் பலம் கூடியவராகவே இருப்பார்.

மூன்றாவதாக, வங்கிக் கிளைகள் குற்றிகளை வாங்குவதையும் வழங்குவதையும் தொல்லையாகக் கருதாமல் சேவையாகக் கொள்ளவேண்டும். சந்தை நாட்களில் காலையில் ஒரு கருமபீடத்தை இதற்கென ஒதுக்கினால் போதும். அத்துடன், கோவில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் உண்டியல் திறக்கும் நாட்களில் சந்தை வியாபாரிகள் சங்கத்துடன் பேசித் தாள்களுக்குக் குற்றிகளை மாற்றிக் கொடுக்கலாம். உண்டியலில் தேங்கிய காசு மறுநாளே சந்தையில் ஓடும். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. நகரசபையின் முன்முயற்சியும் நல்லெண்ணமும் போதுமானவை.

நான்காவதாக, சிறு தொகைக் கொடுப்பனவுகளுக்கு, குறிப்பாகச் சந்தை வியாபாரிகளிடம் செய்யப்படும் கொடுப்பனவுகளுக்கு, எவ்விதக் கட்டணமும் அறவிடப்படலாகாது. அறிவுறுத்தல்களும் குறுஞ்செய்திகளும் பிழையற்ற தமிழில் இருக்கவேண்டும். நமது நாணயக் குற்றிகளிலும் தாள்களிலும் தமிழ் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த உரிமை திரைக்கு மாறும்போது தேய்ந்துவிடக்கூடாது.

ஐந்தாவதாக, அரச அலுவலகம், வைத்தியசாலை, பஸ், மின்சார, நீர்க் கட்டணம் ஆகியவற்றில் காசை ஏற்க மறுக்கும் நிலை ஒருபோதும் உருவாகலாகாது. அட்டை வசதி வரட்டும். ஆனால், காசு கொண்டுவருபவர் திருப்பி அனுப்பப்படக்கூடாது. அனர்த்த முகாமைத்துவத் திட்டங்களில் அரிசி, மருந்து, குடிநீர் ஆகியவற்றுடன், வங்கிகள் இயங்காத நாட்களில் சிறு பெறுமதிக் காசைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடும் இடம்பெறவேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் இதற்கு ஏற்ற நிலையங்களாகும்.

காசு என்றோ ஒருநாள் முற்றாக மறையலாம்; மறையாமலும் இருக்கலாம். நாணயங்கள் வருவதும் போவதும் வரலாற்றின் இயல்பு. சேது காசும் துட்டும் போயின, சதமும் போய்க்கொண்டிருக்கின்றது. இப்போது ரூபாவின் முறை வந்திருக்கின்றது. மாற்றத்தை நிறுத்த எவராலும் முடியாது. ஆனால், அம்மாற்றத்தின் செலவை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிக்க முடியும். இன்றுவரை அச்செலவைக் கடகம் சுமப்பவரே சேர்த்துச் சுமந்து வருகிறார். மட்டுவில் மூதாட்டிக்குச் சேரவேண்டிய மூன்று ரூபா, குற்றியாகவோ கட்டணத் திருத்தமாகவோ அட்டையின் கணக்காகவோ, ஏதேனும் ஒரு வழியில் அவரைச் சென்றடையவேண்டும். அதற்கு வழி செய்யாத எந்த நவீனமயமாக்கலும் நகரத்து வசதியாக இருக்குமேயன்றி மக்களின் முன்னேற்றமாக இருக்காது. மத்திய வங்கியும் போக்குவரத்து அதிகாரிகளும் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.